அண்ணன் முதுகில் ஒரு மடக்கு நாற்காலி

வண்டிச் சத்தம் கேட்டதும் ராய்ஸ் டேக்கெட் கோடாலியைக் கீழே போட்டார். வேலிக் கம்பத்தில் மாட்டியிருந்த கழுத்துப் பட்டையை எடுத்து அவசர அவசரமாக மாட்டிக்கொண்டு, முகத்தில் கொஞ்சம் வலியையும் வரவழைத்துக்கொண்டார். வந்தது தங்கை ஜெனீவாதான் என்று தெரிந்ததும் பட்டையைக் கழற்றி மறுபடியும் கம்பத்தில் மாட்டினார்.

"ஹாரன் அடிச்சிட்டு வரக் கூடாதா? மூச்சே நின்னுபோச்சு எனக்கு."

"ஊர்ல எல்லாரும் உனக்கு கழுத்து ஒடிஞ்சிருக்குனு நம்பிட்டு இருக்காங்க. நீ என்னடான்னா அறுபத்தாறு வயசுல ஓக் மரத்தைப் பொளந்துட்டு இருக்க."

"ஒடிஞ்ச கழுத்துதான். வீட்டுல இருக்கறப்ப மட்டும் கொஞ்சம் தேவலாம்."

அந்தக் கழுத்து ஒடிந்து முப்பத்து மூன்று வருஷமாகிறது. கோவி க்ரீக்கில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் தேதியோடு சொல்வார்கள். மேற்கு டென்னசியில் அந்தக் காலத்தில் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு யாரும் சாகக்கூட மாட்டார்கள், சேனல் ஒன்பதில் மல்யுத்தம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. வானிலைச் செய்தி வாசிக்கும் அதே ஸ்டூடியோவில் மேப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு ரிங்கைப் போடுவார்கள். அதில் ராய்ஸ்தான் ஹீரோ. மஞ்சள் முடி, வெள்ளை பூட்ஸ், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச். வில்லன், வியன்னாவின் கெஸ்லர் பிரபு. கறுப்புப் போர்வை, ஒற்றைக் கண் கண்ணாடி, வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. பிரபுவின் நிஜப் பெயர் ஹாய்ட் ஸ்ப்ராட்லின். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்கன்சாவில் பன்றி வளர்த்தவரின் மகன். வியன்னா என்றால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் டப்பாவில் அடைத்து விற்கும் சாசேஜ்தான்.

அந்தப் பிரபுதான் 1985 ஜனவரியில் ராய்ஸைத் தலைகீழாகத் தூக்கிப் போட்டுக் கழுத்தை ஒடித்தார். அதாவது, ஒடித்ததாக இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

"அண்ணா, ஒரு விஷயம் சொல்லணும். உட்காரு."

"யாரு செத்தா?"

"யாரும் சாகல. நானும் ஹாய்ட்டும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம். ஜூன் முதல் சனிக்கிழமை. நீதான் என்னைக் கைப்பிடிச்சு சர்ச்சுக்குள்ள அழைச்சிட்டுப் போகணும்."

ராய்ஸ் விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்தார். முதலில் அவர் முகம் மலர்ந்தது. அதை ஜெனீவா கண்ணால் பார்த்தாள். பின்னால் எத்தனை மறுத்தாலும் அவள் அதை விடப் போவதில்லை. பிறகு அந்த மலர்ச்சி மெல்ல வடிந்தது.

"ஹாய்ட்டு தங்கமான ஆளு. எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் ஏப்ரல்ல ரீல்ஃபுட் ஏரில ஒண்ணாத்தான் மீன் புடிக்கிறோம். அவன் சமைச்சா நாக்கு ஒட்டிக்கும்."

"அப்புறம் என்ன?"

"ஊருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மீன் பிடிக்கப் போகும்போதுகூட இருவரும் தனித்தனி வண்டியில் போய், விடுதியில் பொய்ப் பெயரில் அறை எடுப்பார்கள். தொழிலின் முதல் விதி அது. ரிங்கில் பகையென்றால் பெட்ரோல் பங்கிலும் பகை, பல் டாக்டரிடமும் பகை. ஹீரோவும் வில்லனும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு துண்டு ஆப்பிள் பை சாப்பிடுவதை ஒரே ஒரு ஆள் பார்த்துவிட்டால் போதும், அடுத்த சனிக்கிழமை ஸ்டூடியோவில் ஈ ஓட்ட வேண்டியதுதான். மற்ற எல்லா மல்யுத்தக்காரர்களும் இந்த விதியை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். சிலர் பேட்டி கொடுத்தார்கள், சிலர் மனம் திருந்தி எல்லாவற்றையும் சபையில் அறிக்கையிட்டார்கள். ராய்ஸிடம் மட்டும் யாரும் வந்து விதி முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முனகியிருப்பார்.

"நான் சேனல் ஒன்பதுல சத்தியம் பண்ணியிருக்கேன், ஜெனீவா. பைபிள் மேல கை வச்சு. என் உடம்புல உயிர் இருக்கிற வரைக்கும் டேக்கெட் குடும்பம் நிக்கிற கூரைக்குக் கீழ கெஸ்லரை நிக்க விட மாட்டேன்னு."

"அது பைபிளா? டெலிபோன் டைரக்டரிக்குக் கறுப்பு அட்டை போட்டுக் குடுத்தாங்க. அட்டையை ஒட்டினதே நான்தான்."

"ஊருக்கு அது பைபிள்."

"டுவைட்டைக் கட்டிக்கிட்டப்பவும் நீ வரல. ஜப்பான்ல யாரையோ கடிச்சிட்டு இருந்த. அப்பாதான் அழைச்சிட்டுப் போனாரு. இப்ப அப்பாவும் இல்ல. எனக்கு நீ ஒருத்தன்தான் இருக்க."

ராய்ஸ் கோடாலிக் காம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். உள்ளிருந்து அவர் மனைவி நடீன் ஐஸ் போட்ட டீயோடு வந்தாள்.

"என்கிட்டயே முதல் ரெண்டு வருஷம் கழுத்து வலிக்குதுன்னுதான் சொல்லிட்டு இருந்தாரு. தலையணை எல்லாம் மாத்தினேன், பைத்தியக்காரி. உங்கண்ணன்கிட்ட கேட்டு ஒண்ணும் நடக்காதும்மா."

ஜெனீவாவுக்கும் தெரியும். ஆனாலும் அவளுக்கு அண்ணன் வேண்டும். அந்த வாசலில் இருந்து பீடம் வரைக்குமான முப்பது அடி தூரத்துக்கு அவர் கை வேண்டும்.

ஹாய்ட் அவளுக்குப் புதிதல்ல. அந்த நாளில் ஜெனீவாவுக்கும் டிவியில் ஒரு வேலை இருந்தது. முதல் வரிசையில் வெள்ளை ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்து, அண்ணன் அடிபடும்போது அழ வேண்டும். முதல் வாரம் ராய்ஸின் நெற்றியில் ரத்தத்தைப் பார்த்து நிஜமாகவே அழுதாள். ரிங்கின் விளிம்புக்கு ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். கண்ணை மூடிப் பிணம் மாதிரி கிடந்த ராய்ஸ் அவள் உள்ளங்கையை இரண்டு முறை அழுத்தினார். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். எல்லா மல்யுத்தக்காரர்களுக்கும் தெரிந்த சங்கேதம் அது. அதற்குப் பிறகு அவள் எவ்வளவு வேண்டுமானாலும் அழுதாள், அந்த இரண்டு அழுத்தம் வந்த பிறகு.

ஸ்டூடியோவின் பின்கதவில் ஒருநாள் பிரபுவின் போர்வை கொக்கியில் மாட்டிக் கிழிந்தது. ஜெனீவா தைத்துக் கொடுத்தாள். அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஹீரோவின் தங்கை வில்லனோடு ஊருக்குள் நடக்க முடியாது என்பதால் அவர்கள் காதலித்ததெல்லாம் காரில்தான். அவள் ஓட்டுவாள், அவர் பின்சீட்டின் அடியில் குதிரைக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். மாவட்ட எல்லை தாண்டும் வரை இருபது மைல், முகம் பார்க்காமலே பேசிக்கொண்டு போவார்கள். ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது என்று ஜெனீவா இன்றைக்கும் சொல்வாள். கம்பளியில் குதிரை நாற்றம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

அதே 1985 மார்ச்சில், ராய்ஸைக் கழுத்துப் பட்டையோடே ரிங்கில் ஏற்றி, தோற்றவர் ஊரை விட்டே போக வேண்டும் என்று ஒரு போட்டி வைத்தார்கள். பிரபுவுக்கு ஒரேகானில் புது வேலை. ஆகவே அவர் தோற்றார். கூட வருகிறாயா என்று கேட்டார். ஹீரோவின் தங்கை வில்லனோடு ஓடிப்போனால் அண்ணன் பிழைப்பில் மண் விழும். அவள் போகவில்லை. பிறகு உதிரிபாகக் கடை டுவைட்டைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருஷம் குறையில்லாமல் வாழ்ந்தாள்; அந்த நல்ல மனிதர் ஆறு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். ஹாய்ட் ஒரேகானில் இரண்டு முறை கல்யாணம் செய்து இரண்டு முறை விவாகரத்து வாங்கினார், இரண்டு முறையும் ஒரே பெண்ணிடம். போன வருஷம் ஜெனீவாவுக்கு ஒரு கடிதம் வந்தது. உள்ளே ஒரு துண்டுக் குதிரைக் கம்பளி.

மே மாதம் ஹாய்ட் கோவி க்ரீக்குக்கு வந்து சேர்ந்தார். வந்த மறுநாளே காரியம் கெட்டது.

மீனுக்குச் சோள மாவு வாங்கப் போனவர் சூப்பர்மார்க்கெட்டில் டப்பா உணவு வரிசையில் திரும்பினார். எதிரே ராய்ஸ், கழுத்துப் பட்டையோடு. சுற்றி ஏழெட்டுப் பேர். அதில் ஓப்பல் யான்சி அம்மாள் ஒருத்தி. எண்பத்தேழு வயது. 1984இல் ரிங்கிலிருந்து இறங்கி நடந்த பிரபுவின் பிட்டத்தில் தொப்பி ஊசியை ஏற்றியவள். அந்த ஊசியை இன்னும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

எல்லோரும் ராய்ஸையே பார்த்தார்கள். ராய்ஸ் என்ன செய்வார் பாவம், கைக்கு எட்டிய பட்டாணி டப்பாவை எடுத்து எறிந்தார். டப்பா ஹாய்ட்டுக்கு அரை அடி தள்ளிப் போனது. ஹாய்ட் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அலறி, மூன்று சுற்று சுற்றி, ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்த காகிதத் துண்டுச் சுருள்கள் மேல் மல்லாக்க விழுந்தார்.

"பட்டாணி மேலயே படலையாமே!" என்று ஜெனீவா அன்று மத்தியானம் கத்தினாள். "எதுக்குய்யா விழுந்தீங்க?"

ஹாய்ட்டின் இடுப்பில் ஐஸ் பை கட்டியிருந்தது. "அவன் எறிஞ்சு நான் விழலேன்னா அவனுக்கு அவமானம் இல்லையா, ஜெனீவா?"

"அவமானமா! கடைக்காரன் உங்க ரெண்டு பேரையும் ஆயுசுக்கும் உள்ள வரக் கூடாதுன்னுட்டான்."

"எறிஞ்ச விதம் அருமையா இருந்துச்சு. இன்னும் கை லாவகம் போகல அவனுக்கு," என்றார் ஹாய்ட், பெருமையோடு.

இந்த இருவரையும் வைத்துக்கொண்டு கல்யாணம் எப்படி நடக்கும் என்று ஜெனீவா யோசித்தாள். அதற்குள் தீயணைப்புப் படைக்காரர்கள் ஒரு விழா அறிவித்தார்கள். சேனல் ஒன்பதின் பழைய வீடியோ நாடாக்கள் கிடைத்திருக்கின்றன. சந்தைத் திடலின் தகரக் கூடத்தில் திரை கட்டிக் காட்டப் போகிறோம். முடிவில் ராய்ஸும் பிரபுவும் கடைசி முறையாக ரிங்கில் நேருக்கு நேர் நிற்பார்கள். பிரபு வசை பாட வேண்டும், ராய்ஸ் அவரைத் தூக்கி வெளியே போட வேண்டும். எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

ஜெனீவா மறுபடி அண்ணன் வீட்டுக்குப் போனாள். சமையலறை மேஜையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள். ஹாய்ட் பின்வழியாகக் கம்பளியில்லாமல் வந்திருந்தார், அதற்கே ராய்ஸ் திரைச்சீலைகளை இழுத்து விட்டிருந்தார்.

"இப்படிப் பண்ணலாமே," என்றாள். "ரிங்குல யாராவது அண்ணனை அடிக்க வரட்டும். ஹாய்ட் குறுக்க பூந்து காப்பாத்தட்டும். பிரபு திருந்திட்டாருன்னு ஊர் நம்பிடும். டிவில எத்தனை பேர் அப்படித் திருந்தியிருக்காங்க!"

இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டி மறுத்தார்கள். அந்த ஒற்றுமை அவளுக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

"மத்தவன் திருந்தலாம். கெஸ்லர் திருந்த முடியாது," என்றார் ராய்ஸ். "ஓப்பலம்மா முப்பத்து மூணு வருஷமா அவனைத் திட்டித்தான் உயிரோட இருக்கு. திருந்திட்டான்னு சொன்னா அந்தம்மா அன்னைக்கே போயிடும்."

"நெசம்தான்," என்றார் ஹாய்ட். "அவ்வளவு உழைச்சு சம்பாதிச்ச வெறுப்பு. வீணாக்க முடியாது."

"சரி, அப்ப அண்ணன் கெட்டவனா மாறட்டும்."

"நானா?" ராய்ஸுக்கு நிஜமாகவே கழுத்து வலி வந்துவிட்டது போலிருந்தது. "நான் ஞாயிற்றுக்கிழமை பள்ளில பாடம் எடுக்கிறவன்டி!"

"அப்ப நான்?"

ராய்ஸ் அன்போடுதான் சொன்னார், அதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது. "நீ என்னம்மா பண்ணுவ? நீ அழற பொண்ணு."

ஜெனீவா டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

விழாவன்று தகரக் கூடம் நிரம்பி வழிந்தது. பன்றியிறைச்சி சுடும் புகை ஒருபக்கம், மசாலா தடவிய முட்டைகளைத் தட்டுத் தட்டாக அடுக்கிய மேஜை ஒருபக்கம். ஜெனீவாவுக்கு முதல் வரிசையில் பழைய இடத்தையே ஒதுக்கியிருந்தார்கள். வெள்ளை ஸ்வெட்டர் போட்டு வரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். போட்டிருந்தாள், புதிதாக வாங்கியது, பழையது அவளுடைய ஒரு கைக்குத்தான் போதும்.

விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். இருபத்து நாலு வயது ஜெனீவா திரையில் வந்தாள். தலைமுடி மேல்நோக்கி ஓடப் பார்த்து ஸ்ப்ரேயில் சிக்கிக்கொண்ட மாதிரி நின்றது. கூட்டம் சிரித்தது, அவளும் சிரித்தாள். ராய்ஸ் தலைகீழாக விழுந்தார். திரையில் அவள் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் ஜெனீவா அதைக் கவனித்தாள். அந்தப் பெண் தரையில் கிடக்கும் அண்ணனைப் பார்க்கவில்லை. பிரபுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிய வழிய, பொங்கி வந்த பால் மாதிரி ஒரு முகத்தோடு, அந்த ஒற்றைக் கண் கண்ணாடிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரக்கணக்கான வீடுகளில் இது ஒளிபரப்பாகியிருக்கிறது. ஒரு ஆள்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அழுகிற பெண்ணை யாருமே பார்ப்பதில்லை போலிருக்கிறது.

விளக்கு எரிந்தது. பிரபு பிரம்போடு ரிங்கில் ஏறினார். கூட்டம் ஊளையிட்டது. "டென்னசிப் பன்றிகளே!" என்று அவர் ஆரம்பித்ததும் ஓப்பல் யான்சி அம்மாளின் கன்னம் குப்பென்று சிவந்தது, பத்து வயது குறைந்தவள் மாதிரி எழுந்து நின்று கத்தினாள். பிறகு ராய்ஸ், பட்டையைக் கழற்றிக் கூட்டத்தில் வீசிவிட்டு, கயிற்றைத் தாண்டி வந்தார். பிரபு மண்டியிட்டுக் கெஞ்சினார். ராய்ஸ் ஜெனீவாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையை ஓங்கி, ஊரைப் பார்த்துக் கேட்டார்: "தூக்கிப் போடட்டுமா?"

"போடு!" என்றது ஊர்.

ஜெனீவா எழுந்தாள். உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியை மடக்கினாள். ரிங்கின் படியில் ஏறினாள், முட்டி வலியோடு. நாற்காலியால் எப்படி அடிப்பது என்பதை அவள் நூறு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறாள்: விளிம்பு படக் கூடாது, பலகை தட்டையாக முதுகின் நடுவில் விழ வேண்டும். மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் ஓங்கி, அண்ணன் முதுகில் போட்டாள்.

தகரக் கூடம் முழுக்க அந்தச் சத்தம் எதிரொலித்தது. ராய்ஸ் வெட்டிய மரம் மாதிரி விழுந்தார். மண்டியிட்டிருந்த ஹாய்ட்டின் ஒற்றைக் கண்ணாடி கண்ணிலிருந்து கழன்று விழுந்தது. தொழில் வாழ்க்கையில் முதல் முறை.

ஜெனீவா மைக்கைப் பிடுங்கினாள். அத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் மைக் கொடுத்ததில்லை.

"அழுது அழுது கண்ணு வத்திப்போச்சு எனக்கு! இந்த நல்லவனுக்குத் தங்கச்சியா இருந்து எனக்கு என்ன கிடைச்சுது? ஒரு ஸ்வெட்டர்! ஜூன் முதல் சனிக்கிழமை நான் இந்தக் கெட்டவனைக் கட்டிக்கப் போறேன். பேப்டிஸ்ட் சர்ச்சுல, ரெண்டு மணிக்கு. யாருக்கெல்லாம் வயித்தெரிச்சலோ, நல்லா உடுத்திக்கிட்டு வந்து பாருங்க!"

ஊர் வெடித்தது. ஊளை, சாபம், காலால் தரையை உதைக்கும் சத்தம். ஒரு மசாலா முட்டை பறந்து வந்து அவள் வெள்ளை ஸ்வெட்டரில் அப்பியது. எறிந்தது ஓப்பல் அம்மாள்தான். "நாசமாப் போறவளே! உங்கம்மா கல்லறைல புரண்டு படுப்பாடி!" ஜெனீவாவுக்கு உள்ளங்காலில் இருந்து ஒரு குளிர்ச்சி ஏறியது. இவ்வளவு சுகமான வேலையையா இத்தனை நாள் ஆண்களிடம் விட்டு வைத்திருந்தோம்!

ஹாய்ட் சுதாரித்து எழுந்து அவள் கையில் முத்தமிட்டார். குனிந்தபடியே கேட்டார். "முன்கூட்டியே சொல்லக் கூடாதா?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்." பிறகு அவர் குரல் மாறியது. "அவன் ஏன் இன்னும் எந்திரிக்கல?"

ராய்ஸ் அசையவில்லை. பத்து எண்ணிக்கைக்குள் எழுந்திருக்க வேண்டும். ஐம்பது ஆகியிருக்கும். ஜெனீவா குனிந்து கையைப் பிடித்திருக்கலாம். ஆனால் அண்ணன் முதுகில் நாற்காலி போட்டவள் அடுத்த நிமிஷம் அவர் கையைப் பிடித்து உட்காருவாளா? நின்றாள். தீயணைப்புப் படையின் ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போதும் ராய்ஸ் கண் திறக்கவில்லை.

அன்று மாலை போன் செய்தாள். நடீன் எடுத்தாள்.

"வீட்டுக்கு வந்துட்டாரு. படுத்திருக்காரு. உன்கூட பேச மாட்டாராம்."

"நடீன், நெசத்தைச் சொல்லு. அடி பட்டுடுச்சா?"

"எனக்கென்ன தெரியும்? நாற்பது வருஷமா இவர்கூட குடித்தனம் பண்றேன், இவருக்கு எது நெசமா வலிக்குது எது பொய்யா வலிக்குதுனு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரிபடல. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துட்டு கழுத்துல எப்பவுமே எந்த ஒடிசலும் இருந்ததில்லையேன்னாராம். இவரு, படத்தைத் திருப்பிப் பிடிச்சுப் பாருங்கன்னாராம்."

"முதுகு?"

"முதுகைப் பத்திக் கேட்டா செவுத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிறாரு."

இரண்டு வாரம் ஜெனீவா தினமும் போன் செய்தாள். தினமும் அதே பதில். ஹாய்ட் சமாதானம் சொன்னார்: "துரோகம் பண்ணின தங்கச்சிகூட எந்த ஹீரோ போன்ல பேசுவான்? அவன் வேலையைத்தான் அவன் பார்க்கிறான்." ஆனால் ஹாய்ட்டின் போனையும் ராய்ஸ் எடுக்கவில்லை என்பதை அவர் சொல்லாமலே ஜெனீவா கண்டுபிடித்தாள். அவள் கல்யாணத் தொப்பியில் பூ வைத்துத் தைத்துக்கொண்டே நினைத்தாள்: ஒருவேளை விளிம்பு பட்டிருக்குமோ? ஒருவேளை அந்த அடி நாற்காலி அடியாக இல்லாமல் வேறு அடியாக அவருக்குப் பட்டிருக்குமோ? நல்லவனுக்குத் தங்கையாக இருந்து என்ன கிடைத்தது என்று மைக்கில் கேட்டாளே. அதை அவள் முழுக்கப் பொய்யாகவும் சொல்லவில்லை.

ஜூன் முதல் சனிக்கிழமை சர்ச்சில் இடம் கொள்ளவில்லை. இவ்வளவு வெறுப்போடு இவ்வளவு நல்ல உடுப்பில் ஒரு கூட்டத்தைப் பாதிரியார் பார்த்ததே இல்லையாம். ஓப்பல் யான்சி அம்மாள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை மடியில் கெட்டியாகப் பிடித்திருந்தாள். பையை வாசலில் சோதித்துப் பார்த்துத்தான் விட்டிருந்தார்கள். பீடத்தருகே ஹாய்ட், சாம்பல் நிறக் கோட்டு, கண்ணாடி இல்லை, பிரம்பு இல்லை. உடம்பில் ஒரு கிழவனும் கண்ணில் ஒரு பையனுமாக நின்றார்.

ஜெனீவா வாசலில் தனியாக நின்றாள். நடீன் உள்ளே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடம் காலி. ஆர்கன் ஆரம்பித்தது. அவள் இரண்டு தடவை தெருவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, வரவில்லையென்றால் வரவில்லைதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, முதல் அடியை வைத்தாள்.

பின்னால் கதவு சுவரில் மோதித் திறந்தது.

"நிறுத்துங்கடா!"

ராய்ஸ். நீலக் கோட்டு, கைத்தடி, கழுத்துப் பட்டை. ஊர் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. அவர் நொண்டி நொண்டி வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்று, சுட்டு விரலை ஆட்டி உறுமினார்.

"வெக்கமா இல்லடி உனக்கு? டேக்கெட் குடும்பத்துப் பொண்ணு பண்ற காரியமா இது?"

ஜெனீவா தலையை நிமிர்த்தி அடுத்த அடியை வைத்தாள். ராய்ஸும் வைத்தார். அவள் நடக்க, அவர் கூடவே நடந்துகொண்டு திட்டினார். கூட்டத்துக்கு அது ஒரு அண்ணன் தங்கையைத் தடுக்கப் பார்ப்பதாகத் தெரிந்தது. ஆர்கன் வாசித்த பெண் மட்டும், பின்னாளில், இரண்டு பேர் காலும் தாளம் தப்பாமல் ஒரே சமயத்தில் விழுந்ததாகச் சொன்னாள்.

நாலாவது பெஞ்சருகே அவர் "விட மாட்டேன்!" என்று கத்தி அவள் கையைப் பிடித்தார். முரட்டுத்தனமாகப் பிடித்த மாதிரி இருந்தது. முழங்கை வளைவில் தன் கையைக் கோத்துக்கொண்டு, அவள் உள்ளங்கையைத் தேடி, இரண்டு முறை அழுத்தினார்.

ஜெனீவாவுக்குப் பாதை மங்கலாகத் தெரிந்தது.

"நீ பேசவே இல்ல," என்றாள் உதடு அசையாமல். "ரெண்டு வாரம். செத்துட்டேன் நான்."

"பேசினா சிரிச்சிருப்பேன். நாற்காலியைத் தட்டையா புடிச்ச. நல்ல அடி." பிறகு உரக்க: "நம்ம அப்பா இருந்திருந்தா இதைப் பார்த்துட்டு சும்மா இருந்திருப்பாரா!"

"வலிச்சுதா?"

"கேள்வியைப் பாரு. மெதுவா நட, எனக்கு இன்னும் ரெண்டு வசவு பாக்கி இருக்கு."

"அண்ணா. பட்டையை முன்பின்னா மாட்டியிருக்க."

"தெரியும். வாயை மூடு."

முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு நாளும் அவர் அதைத் தப்பாக மாட்டியதில்லை. கொக்கி முன்னால் தொண்டைக்குழியில் பளபளத்தது.

பீடத்துக்கு வந்தார்கள். பாதிரியார் நடுங்கும் குரலில், இந்தப் பெண்ணை இவருக்குக் கொடுப்பது யார் என்று கேட்டார்.

"நான் குடுக்கல!" என்று ராய்ஸ் முழங்கினார். "இவளாத்தான் போறா! இந்தா, எடுத்துட்டுப் போடா! இனிமே இவ டேக்கெட் இல்ல! சத்தியம் சத்தியம்தான், எங்க குடும்பம் இருக்கிற கூரைக்குக் கீழ உனக்கு இடமில்ல. அதனால வெளிய போறது நான்!" என்று அவள் கையைத் தூக்கி எறிந்தார். அது நேராக ஹாய்ட்டின் கையில் போய் விழுந்தது. கை லாவகம் இன்னும் போகவில்லை.

"பார்த்துக்கோ மாப்ள," என்றார், உறுமல் போன்ற ஒன்றுக்கு நடுவில்.

"பல்லை உடைப்பேன்," என்றார் பிரபு, கண் கலங்க.

ராய்ஸ் பக்கக் கதவு வழியாக வெளியேறினார். ஆனால் போய்விடவில்லை. புல்வெளியில், திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே, கூரை முடிகிற இடத்துக்கு ஓர் அடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நின்றார். அங்கிருந்து பார்த்தால் பீடம் நன்றாகத் தெரியும். காலையிலேயே வந்து நின்று பார்த்து வைத்திருக்க வேண்டும்.

வாக்குறுதிகள் முடிந்து மோதிரம் மாற்றும்போது ஜெனீவா ஜன்னலைப் பார்த்தாள். அண்ணன் முறைக்கவில்லை. தோள் குலுங்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அழுதுகொண்டிருந்தார். ஓப்பல் யான்சி அம்மாள் எப்போதோ எழுந்து வெளியே போய் அவர் பக்கத்தில் நின்று, கைக்குட்டையைக் கொடுத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அழாதப்பா. நல்ல வயித்துல பொறந்த பொண்ணுதான். என்னைக்காவது திருந்துவா."

ராய்ஸ் தலையாட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழுதார்.

பெஞ்சில் இருந்த நடீன் கழுத்தை நீட்டி ஜன்னல் வழியாகக் கணவரை ஒரு நிமிஷம் கூர்ந்து பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, ஏதோ பெரிய கணக்குக்கு விடை கிடைத்தவள் மாதிரிச் சொன்னாள்.

"இது நெசம்."

சர்ச்சிலேயே நடந்த விருந்தில் வாழைப்பழப் புட்டிங்கை ஒரு கிண்ணத்தில் போட்டு அந்த ஜன்னல் வழியாக நீட்டியதும் நடீன்தான். ராய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று இருபுறமும் பார்த்து, வலி தாங்காதவர் போல் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டார்.